சம்பளம் கூடிருச்சு, விலை ஏறுறதும் நின்னுருச்சு, அப்புறம் ஏன் பெரியம்மா வீட்டுல இன்னும் கஷ்டம்?

தம்பி, நீங்க கேட்டத நான் வெளங்கிக்கிட்ட மாதிரி முதல்ல ஒருதரம் சொல்லிடுறேன். உங்க பெரியம்மா குடும்பம் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துல, அதாவது வரிசையா ஒட்டிக் கட்டின தொழிலாளர் வீட்டுல இருக்காங்க, நீங்க கொழும்புல வேலை செய்றீங்க. 2022ல ஆயிரம் ரூபாயா இருந்த நாட்சம்பளம் 1,700 ஆச்சுன்னு செய்தியில பாத்தீங்க, பணவீக்கம் கிட்டத்தட்ட இல்லாமலே போச்சுன்னும் பாத்தீங்க, ஆனா புயலுக்கு முன்னாடி பேசினப்பவே பெரியம்மா "இன்னும் எந்திரிக்க முடியலடா"ன்னு சொன்னாங்க, இதுல எது உண்மைன்னு கேட்டிருக்கீங்க. கடைசியில ஒரு வரி எழுதியிருந்தீங்க, "இல்ல அவங்களுக்கு காசைக் கையாளத் தெரியலையா"ன்னு. அந்த வரிய பாத்துட்டுத்தான் இவ்வளவு நீளமா எழுத உக்காந்தேன், ஏன்னா இந்தக் கேள்விய படிச்சவங்க, ஆபீஸ்ல இருக்கிறவங்க, நம்ம லயத்துல பொறந்து வெளிய போன பிள்ளைகளே கேட்டு நான் நிறைய தடவை கேட்டிருக்கேன்.

நான் மஸ்கெலியா பக்கம் லயத்துல பொறந்தவ. பதினேழு வருசமா வீடு வீடா போய் கணக்கெடுக்கிற வேலை, முதல்ல கேள்வித்தாள் தூக்கிட்டு போற ஆளா, இப்ப புதுசா வர்ற பிள்ளைகளுக்கு எப்படி கேக்கணும்னு சொல்லிக்குடுக்கிற ஆளா. நான் பொருளாதாரம் படிச்ச பேராசிரியர் கிடையாது. நான் அதிகமா நடந்தது நுவரெலியா, பதுளை மாவட்டங்கள், அதனால இரத்தினபுரி, கேகாலை பக்கம் ரப்பர் தோட்டத்து ஆளுங்க நான் சொல்றதுல சிலது எங்களுக்கு பொருந்தலன்னா அவங்க சொல்றதுதான் சரி. நாட்டுக்கணக்குல இருந்து எடுத்தது எது, நான் கண்ணால பாத்தது எது, என் ஊகம் எதுன்னு பிரிச்சு சொல்றேன்.

முதல்ல விலை. பணவீக்கம் கொறஞ்சா சாமான் விலை கொறைஞ்சதுன்னு நெறைய பேரு நெனைக்கிறாங்க, அது அப்படி இல்ல. 2022 செப்டம்பர்ல கொழும்பு விலைச்சுட்டெண் படி வருசப் பணவீக்கம் 69.8 சதவீதம், சாப்பாட்டுச் சாமானுக்கு மட்டும் எடுத்தா 94.9. அதாவது முந்தின வருசம் நூறு ரூபாய்க்கு வாங்கினத அந்த வருசம் 195 ரூபா குடுத்து வாங்குறோம். அடுத்த வருசம் பணவீக்கம் ஒத்தை இலக்கத்துக்கு வந்துருச்சுன்னா என்ன அர்த்தம், அந்த 195 இனிமே வேகமா ஏறலன்னு மட்டுந்தான், அது திரும்ப நூறுக்கு இறங்கல. மேட்டுல ஏறின லொறி மேலயே பார்க் பண்ணி நிக்குது. 2024 செப்டம்பர்ல இருந்து 2025 ஜூலை வரைக்கும் சுட்டெண் முந்தின வருசத்தை விட கொஞ்சம் இறங்கினது உண்மை, அதையும் மறைக்காம சொல்லணும், ஆனா அதுக்கு பெரிய காரணம் கரண்ட் பில்லும் எண்ணெய் விலையும் கொறைஞ்சது, லயத்துல ரெண்டு பல்பும் ஒரு டிவியும் எரிக்கிற வீட்டுக்கு அதுல மிச்சமானது ரொம்ப கொஞ்சம். மொத்தமா பாத்தா 2021 சராசரியை நூறுன்னு வெச்சா 2024, 2025ல விலைமட்டம் 190 பக்கம் நிக்குது. இது உறுதியான கணக்கு.

இப்ப அதே தராசுல சம்பளத்தை வைங்க. 2021 மார்ச்ல ஆயிரம் ரூபா வந்துச்சு, 900 அடிப்படை, 100 பட்ஜெட் கொடுப்பனவு. அது வர்றதுக்கே எத்தனை வருசம் கொடி புடிச்சாங்கன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த ஆயிரம் 2024 செப்டம்பர் வரைக்கும் அப்படியே நின்னுச்சு. ரூபா டொலருக்கு 200ல இருந்து 360க்கு விழுந்தப்பவும் ஆயிரம், 2022 ஏப்ரல்ல நாடு கடன் கட்ட முடியாதுன்னு அறிவிச்சப்பவும் ஆயிரம், கோதுமை மா கிலோ நானூறு வித்தப்பவும் ஆயிரம். மூன்றரை வருசம். கொழும்பு ஏலத்துல தேயிலை கிலோ சராசரி 2021ல 620 ரூபா பக்கம், 2022ல 1,270 ரூபா பக்கம், ரூபா விழுந்ததால தேயிலைக்கு ரூபாயில நல்ல விலை வந்துச்சு. கம்பெனிக்காரங்க சொல்ற நியாயமும் இருக்கு, உரம், டீசல், பெட்டி எல்லாமே ஏறிருச்சு, வெளைச்சல் விழுந்துருச்சு, 2021ல கிட்டத்தட்ட 30 கோடி கிலோவா இருந்த நாட்டு உற்பத்தி 2022ல 25 கோடி கிலோவுக்கு வந்துருச்சு. அதையெல்லாம் ஏத்துக்கிட்டாலும் கொழுந்து எடுத்தவ கைக்கு அந்த மூன்றரை வருசத்துல அடிப்படைச் சம்பளமா ஒரு ரூபா கூட கூடி வரலங்கிறது அப்படியே நிக்குது. 2024 மே தினத்துல கொட்டகலையில 1,700ன்னு மேடையில சொன்னாங்க, பிறகு கோர்ட்டு, இழுபறி, கடைசியா செப்டம்பர்ல வந்தது 1,350 அடிப்படை, மிச்சம் 350 கூடுதலா எடுக்கிற கொழுந்தைப் பொறுத்தது. 2025 நவம்பர் பட்ஜெட்ல 1,550, அதோட வேலைக்கு வர்ற நாளுக்கு அரசாங்கம் 200ன்னு வாசிச்சாங்க, 2026 ஜனவரியில இருந்துன்னு. நான் கீழ போடுற கணக்கு 1,350, 1,700 கணக்குதான், பெரியம்மா கடந்து வந்த காலம் அது.

1,000க்கு 1,700 எழுபது சதவீதம் கூட. விலை தொண்ணூறு சதவீதம் கூட. அதுவும் முழு 1,700 கெடச்சாத்தான். கெடைக்காத நாள் எத்தனைன்னு லயத்துல இருந்தவங்களுக்கு தெரியும். மழை நாள்ல கொழுந்து வராது, வெயில் காலத்துல வராது, உரம் போடாத மலையில வராது. 2021ல இரசாயன உரத்தை ஒரே நாள்ல நிறுத்தினாங்களே, அதோட பலன் அடுத்த வருசமும் அதுக்கடுத்த வருசமும் நிறுவையில தெரிஞ்சுச்சு, தேயிலைச் செடி மரக்கறி மாதிரி இல்ல, ஒரு வருசம் பட்டினி போட்டா சீக்கிரம் எந்திரிக்காது. புல்லு மண்டின மலையில ஒரு பொம்பளை காலையில ஏழரைக்கு ஏறி மழையில நனைஞ்சு அட்டைக்கடி வாங்கி பதிமூணு கிலோ எடுத்துட்டு வந்தா, கிலோ கொறைவுன்னு அரைப்பேரு, அதாவது அரைநாள் கூலி. பேருங்கிறது ஒரு நாள் கூலிக்கான பதிவு, அது முழுசா விழுந்தாத்தான் அந்த நாள் நாள். சில தோட்டத்துல பேரே இல்ல, கிலோவுக்கு இவ்வளவுன்னு கைக்காசு.

ஒரு சின்ன கணக்கு போட்டு காட்டுறேன். உங்க பெரியம்மா வீட்டுல அஞ்சு பேருன்னு வெச்சுக்குவோம், ரெண்டு பேரும் தோட்டத்துல பேரு போடுறாங்க, மாசம் 22 நாள் ஒரு நாள் விடாம. ரெண்டு பேருக்கும் 1,350 படி 59,400 ரூபா, ஈபிஎப் (சேமலாப நிதி) எட்டு சதவீதம் வெட்டினா 54,648. சந்தா, கோயில் காசு, முற்பணம் வெட்டு இதெல்லாம் நான் இன்னும் தொடல. எல்லா நாளும் முழு 1,700 கெடைச்சதுன்னு அதிசயமா வெச்சாலும் வெட்டுறதுக்கு முன்னாடி 74,800. இப்ப அரசாங்கமே வெளியிடுற வறுமைக்கோட்டை பாருங்க, ஒரு ஆள் ஒரு மாசம் அடிப்படைத் தேவைக்கு செலவழிக்க வேண்டிய தொகை, 2019ல 6,966 ரூபாயா இருந்தது 2024ல 16 ஆயிரம் சொச்சம். அஞ்சு பேருக்கு 80 ஆயிரத்துக்கு மேல. ரெண்டு பேர் ஒரு நாள் விடாம வேலைக்கு போய், எல்லா நாளும் இலக்குக்கு மேல எடுத்து, ஒருத்தருக்கும் காய்ச்சல் வராம இருந்தும் அந்தக் கோட்டைத் தொட முடியல. இங்க ஒரு எச்சரிக்கை, அந்தக் கோடு செலவை வெச்சு போடுறது, வீட்டுத்தோட்டத்துல போட்ட போஞ்சி, கீரைக்கும் ஒரு பெறுமதி போட்டு சேர்ப்பாங்க, அதனால சம்பளத்தை மட்டும் வெச்சு ஒரு வீட்டை ஏழைன்னு முத்திரை குத்த முடியாது, கொழும்புல இருந்து நீங்க அனுப்புற காசும் அதுல சேரும். ஆனா "காசைக் கையாளத் தெரியல"ங்கிறதுக்கு முன்னாடி கையாள எவ்வளவு இருந்துச்சுன்னு பாக்கணும்லயா.

நெருக்கடின்னா டவுன் ஆளுங்களுக்கு கேஸ் கியூவும் பெட்ரோல் கியூவும்தான் ஞாபகம் வரும். லயத்துல விறகடுப்புதான், அதனால கேஸ் வெடிச்சாலும் கெடைக்காட்டியும் பாதி வீட்டுக்கு ஒண்ணுதான். எங்க நெருக்கடி மாவுல வந்துச்சு. காலையில மலைக்கு போறதுக்கு முன்னாடி ரொட்டி, பகலுக்கு துணியில சுத்தி எடுத்துட்டு போறது ரொட்டி, நெறைய வீட்டுல ராத்திரிக்கும் ரொட்டி. கனமா, கெட்டியா, ஒண்ணு சாப்பிட்டா மலையில நாலு மணி நேரம் தாங்கும். நூறு ரூபா பக்கம் இருந்த மா 2022ல நானூறு வரைக்கும் போச்சு. அரிசியும் ஏறிருச்சு, மண்ணெண்ணெய் அந்த ஆகஸ்ட்ல ஒரே அடியா 87ல இருந்து 340க்கு போச்சு, 400 கிராம் பால்மா ஆயிரத்தை தாண்டிருச்சு. எங்க அப்பாயி உயிரோட இருந்தப்ப 74 பஞ்சத்தை பத்தி சொல்லுவாங்க, மா வெட்டினது, லயத்துல சாவு விழுந்தது, அதுக்கப்புறம்தான் நெறைய பேர் தலைமன்னார் போய் கப்பல் ஏறினது. 2022ல நான் போன வீடுகள்ல வயசான ஆளுங்க அந்த வருசத்தைதான் ஞாபகப்படுத்தினாங்க. ரெண்டையும் ஒண்ணுன்னு நான் சொல்லமாட்டேன், அப்ப மாதிரி பட்டினிச்சாவு இந்தத் தடவை எங்க பக்கம் நான் காணல, அது பெரிய வித்தியாசம். ஆனா அந்தப் பயம் வயசானவங்க முகத்துல வந்தது நெசம்.

இனிமே சொல்றது கணக்கெடுப்பு வேலையில நான் கத்துக்கிட்ட முக்கியமான விசயம். நாங்க "வீடு"ன்னு ஒரு அலகை எடுத்து கேப்போம், போன கிழமை சாப்பாடு போதாம யாராவது ஒரு வேளை விட்டாங்களான்னு. கேள்வி நல்ல கேள்விதான். இஸ்தோப்புல (வீட்டு முன் திண்ணையில) உக்காந்து ஆம்பளைகிட்ட கேட்டா "இல்ல மிஸ், எப்படியோ சாப்பிட்டோம்"னு வரும். அவர் பொய் சொல்லல, அவருக்கு சாப்பாடு கெடைச்சுச்சு. நான் பொம்பளைங்கிறதால அடுப்படிக்கு போவேன், அங்க அந்தம்மா மா பிசைஞ்சுக்கிட்டே சொல்லுவாங்க. முதல்ல பிள்ளைக, பிறகு வேலைக்கு போற ஆம்பளை, பிறகு மாமியார், கடைசியா நான், ரொட்டி முடிஞ்சா வெறுந்தேத்தண்ணியும் கொஞ்சம் சீனியும். ஒரு அக்கா என்கிட்ட சொன்னாங்க, "நான் விட்டது சாப்பாடா மிஸ், நான் பிந்தி சாப்பிடுறேன், அவ்வளவுதான்"னு. ராத்திரி பிந்தி சாப்பிடுறது எப்ப சாப்பிடாம போறதா மாறுச்சுன்னு அவங்களுக்கே கணக்கு இல்ல. அதே ஆள்தான் காலையில கூடையை தலையில மாட்டிக்கிட்டு மலை ஏறி அந்த வீட்டுக்கு காசு கொண்டு வர்ற ஆளு. லேர்ன்ஏசியாங்கிற ஆய்வு நிறுவனம் 2023ல செஞ்ச நாடு தழுவிய ஆய்வுல மூணுல ஒரு வீடு வேளை விட்டதாவும், நாலுல ஒரு பங்குக்கு மேல பெரியவங்க பிள்ளைகளுக்காக தங்களோட சாப்பாட்டைக் கொறைச்சதாவும் வந்துச்சு. அந்தப் பெரியவங்க யாருன்னு என்கிட்ட கேட்டா, நான் போன லயங்கள்ல பெரும்பாலும் அம்மாமார். இது என் அனுபவம், புள்ளிவிவரம் இல்ல.

அதே நேரத்துல திரிபோஷ சத்துமா வரத்தும் சோளம் தட்டுப்பாட்டுல கொறைஞ்சு போச்சு, கிளினிக்ல கர்ப்பிணி அம்மாமாருக்கும் எடை கொறைஞ்ச பிள்ளைகளுக்கும் குடுக்கிறதுதான் அது, கெடைக்கிற ஒரு பாக்கெட்டையும் வீட்டுல எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கு வெப்பாங்க. நெருக்கடி வர்றதுக்கு முன்னாடியே, 2016 கணக்கெடுப்புல, அஞ்சு வயசுக்கு கீழ உள்ள தோட்டத்துப் பிள்ளைகள்ல 31.7 சதவீதம் வயசுக்கேத்த உயரம் இல்ல, நாட்டுச் சராசரி 17.3. 2022ல கைக்குழந்தையா இருந்த பிள்ளைகளுக்கு அந்த ரெண்டு வருசம் திரும்ப வராது, பணவீக்கம் எந்த இலக்கத்துக்கு வந்தாலும்.

அப்ப நாட்சம்பளத்துல சமாளிக்க முடியாம இருந்தும் எப்படி கடந்து வந்தாங்கன்னா, இருந்ததை வித்து, அடகு வெச்சு, கடன் எடுத்து, பிள்ளையை நிப்பாட்டி. இந்த நாலும் விலை இறங்கினா தானா திரும்பி வர்ற சாமான் இல்ல, இதுதான் பெரியம்மா "எந்திரிக்க முடியல"ன்னு சொல்றதோட அர்த்தம்னு நான் நெனைக்கிறேன். நகையை மட்டும் எடுங்க. எங்க வீட்டுலயே அம்மாவோட ரெண்டு பவுன் சங்கிலி 2022ல தம்பி பரீட்சைக்கும் வீட்டுச் செலவுக்கும் அடகுக்கு போச்சு, வட்டி கட்ட முடியாம திகதி தாண்டி ஏலத்துல போயிருச்சு, கடிதம் தோட்டத்து ஆபீஸ்ல கெடந்து எங்க கைக்கு வந்தப்ப நாள் முடிஞ்சிருச்சு. 2021ல பவுன் லட்சம் ரூபா பக்கம், ஆயிரம் ரூபா சம்பளத்துல நூறு நாள் கூலி. 2025 கடைசியில மூணு லட்சத்தை தாண்டிருச்சு, நாள் தவறாம 1,700 கெடைச்சாலும் 176 நாளுக்கு மேல வேலை செய்யணும் அதே ஒரு பவுனுக்கு. வித்தவங்க வித்ததுதான். ஒரு பொம்பளைக்கு லயத்துல இருக்கிற காம்பரா (அறை) சொந்தமில்ல, நிலம் சொந்தமில்ல, கழுத்துல காதுல கெடந்தது மட்டும்தான் அவ பேர்ல இருந்த சொத்து.

பிள்ளைகளை நிப்பாட்டினது இன்னும் வலிக்கிற விசயம். கொரோனாவுல ரெண்டு வருசம் பள்ளிக்கூடம் சரியா நடக்கல, சிக்னல் தேடி மலை உச்சிக்கு ஏறின பிள்ளைகளை நாங்க எல்லாரும் பாத்தோம். பிறகு 2022ல எண்ணெய் இல்லாம மறுபடி மூடினாங்க. அந்த ரெண்டு இடைவெளியிலயும் பதினஞ்சு பதினாறு வயசுப் பொடியன்மார் கொழும்புக்கு கடை வேலைக்கு போனாங்க, மாசம் ஏதோ வீட்டுக்கு வந்துச்சு, பள்ளிக்கூடம் திறந்தப்ப திரும்பல. வயசுப் பிள்ளைகள் சிலது வீட்டு வேலைக்கும் கார்மெண்ட்ஸுக்கும். நான் போன ஒரு டிவிசன்ல ஒரே லயத்துல பத்தாம் வகுப்புல இருந்த நாலு பேர்ல மூணு பேர் திரும்பி வரல. ஒரு லயத்து கதையை வெச்சு மாவட்டத்துக்கு கணக்கு சொல்லக் கூடாதுன்னு நானே பயிற்சியில சொல்லிக்குடுப்பேன், அதனால இதை ஒரு லயத்து கதையாவே எடுத்துக்குங்க.

கடன் பத்தி சுருக்கமா. கடையில கடனுக்கு எழுதுற கொப்பி, சீட்டு, கிழமைக்கு கிழமை வசூலிக்க வர்ற குழுக்கடன், தோட்டத்துல தீபாவளி முற்பணம். முற்பணம் பத்து மாசம் வெட்டுவாங்க, அது முடியிறதுக்குள்ள அடுத்த தீபாவளி. குழுக்கடன்ல ஒருத்தி கட்டலன்னா மத்தவங்க கட்டணும், அதனால பக்கத்து காம்பராக்காரி மூஞ்சிய பாக்க முடியாமப் போகும். பழைய கடனை அடைக்க புதுக் கடன். இதை "கையாளத் தெரியல"ன்னு சொன்னா, ஒரு ஓட்டை வாளியில தண்ணி அள்ளிக் குடுத்துட்டு ஏன் நிறையலன்னு கேக்குற மாதிரி.

குடியைப் பத்தி யாராவது கேப்பீங்க, நானே சொல்லிடுறேன். சாராயத்துக்கும் கசிப்புக்கும் (கள்ளச்சாராயம்) சம்பளத்துல ஒரு பங்கு போற வீடுகள் இருக்கு, அடுப்படியில அழுத பொம்பளைகளை நான் பாத்திருக்கேன், இல்லன்னு சொன்னா அவங்களுக்கு செய்ற துரோகம். ஆனா எவ்வளவு போகுதுன்னு கணக்கெடுப்புல வர்ற எண்ணை நான் நம்புறதில்ல, எந்த வீட்டுலயும் அதை சரியா சொல்லமாட்டாங்க. மேல போட்ட கணக்குல குடிக்கு ஒரு சதமும் நான் சேர்க்கல, அப்படியும் கோட்டைத் தொடலங்கிறதை மட்டும் பாருங்க.

வறுமை எத்தனை சதவீதம்னு நீங்க கேட்டிருந்தீங்க. 2019 அரசாங்க கணக்குல நாடு முழுக்க 14.3, தோட்டப்புறம் 33.8. லேர்ன்ஏசியா 2023ல நாடு முழுக்க 31, தோட்டப்புறம் 51ன்னு சொன்னாங்க. இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு "33ல இருந்து 51க்கு ஏறிருச்சு"ன்னு எழுதுறவங்க நெறைய, அப்படி கழிச்சுப் பாக்கக் கூடாது, ரெண்டும் வேற வேற வீடுகளைத் தெரிவு செஞ்சு, வேற வேற முறையில எடுத்தது. நிச்சயமா சொல்லக்கூடியது ரெண்டு. எந்த அளவுகோலை எடுத்தாலும் தோட்டப்புறம்தான் அடியில இருக்கு, நெருக்கடிக்கு முன்னாடியும் அப்படித்தான். ரெண்டாவது, எல்லா ஆய்வும் 2022க்கு பிறகு ஏறினதைத்தான் காட்டுது, எவ்வளவு ஏறிச்சுங்கிறதுலதான் வித்தியாசம். இதுல இன்னொன்னு, 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் வந்து நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளைன்னு மண்சரிவுல இவ்வளவு உசுரும் வீடும் போனதுக்கப்புறம், அதுக்கு முன்னாடி எடுத்த எந்த எண்ணையும் இன்னைக்கு மலையகத்து நெலமைன்னு சொல்லாதீங்க.

அஸ்வெசும கெடைக்கலையான்னு கேட்டிருந்தீங்க. அது அரசாங்கத்தோட உதவிப்பணத் திட்டம், 2023 ஜூலையில பழைய சமுர்த்தி உதவிக்கு பதிலா வந்தது, கல்வி, சுகாதாரம், சொத்து, வீடு மாதிரி ஆறு பக்கத்துல 22 குறிகாட்டி வெச்சு புள்ளி போட்டு, மாசம் 2,500, 5,000, 8,500, 15,000ன்னு நாலு வகையா பிரிச்சாங்க. யோசனை எனக்கு பிடிச்ச யோசனைதான், அரசியல்வாதி லிஸ்ட் போடுறதை விட புள்ளி போடுறது மேல், சமுர்த்தி தோட்டத்துக்குள்ள சரியா வந்ததே இல்லங்கிறதையும் சேர்த்து பாத்தா இதுல லயத்து ஆளுங்க கொஞ்சம் கூட உள்ள வந்தாங்க. ஆனா ஒரு காம்பராவுல மூணு குடும்பம் இருந்தா அது ஒரு வீடா மூணு வீடான்னு கேள்வி வந்துச்சு, ஒரே லயத்துக்கு ஒரே விலாசம், சிங்களத்துல வந்த போன் மெசேஜ் வெளங்காம மேன்முறையீட்டு நாள் போயிருச்சு. அண்ணன் தம்பி ஒரே காம்பராவுல நடுவுல சேலைய கட்டி பிரிச்சு இருக்காங்க, ஒருத்தருக்கு கெடைச்சு மத்தவருக்கு கெடைக்கல, அந்த வீட்டுல அதுக்கப்புறம் பேச்சுவார்த்தை இல்ல.

கேள்வித்தாள்ல வராத ஒண்ணு. "இப்ப நல்லா இருக்கீங்களா"ன்னு சும்மா கேட்டா லயத்துல வர்ற பதில்ல சாப்பாடு கடைசியாத்தான் வரும். "ரெண்டு வருசமா ஒரு கல்யாணத்துக்கும் போகல மிஸ்"னு ஆரம்பிப்பாங்க. மொய் வெக்க காசில்ல, கட்டிட்டு போக நகையில்ல, அதனால சொந்தக்காரங்க வீட்டு விசேசத்துக்கு காய்ச்சல்னு சொல்லி நின்னுட்டாங்க. திருவிழாவுக்கு மகளை வீட்டுக்கு கூப்பிட முடியல, கூப்பிட்டா சீலை எடுத்துக் குடுக்கணும். சொந்தக்காரங்க முகத்துல முழிக்க முடியாம இருக்கிறது எந்த சுட்டெண்லயும் வராது, ஆனா ஆபத்துக்கு கைமாத்து குடுக்கிறதே அந்த சொந்தந்தான், சொந்தக்காரங்க வீட்டுக்கு போய் வர்றது நின்னா அந்தக் கதவும் அடைபட்டுரும். உங்க பெரியம்மா இந்த ரெண்டு மூணு வருசத்துல கொழும்புல உங்க வீட்டு விசேசத்துக்கு வந்தாங்களான்னு யோசிச்சுப் பாருங்க.

கடைசியா நீங்க என்ன செய்யலாம்னு. போன்ல "கஷ்டமா பெரியம்மா"ன்னு கேக்காதீங்க, ஆமான்னோ இல்லன்னோதான் வரும். சின்னவ பள்ளிக்கூடம் போறாளா, முட்டை கடைசியா எப்ப வாங்கினீங்க, ராத்திரி நீங்க எத்தனை மணிக்கு சாப்பிடுறீங்க, கிழமைக் கடன் எத்தனை பேருக்கு கட்டுறீங்கன்னு கேளுங்க. சம்பளத் துண்டை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, எத்தனை பேரு விழுந்திருக்கு, எத்தனை அரைப்பேரு, என்னென்ன வெட்டுன்னு அதுல எல்லாம் இருக்கும். அஸ்வெசுமவுக்கு விண்ணப்பிச்சாங்களா, முடிவு என்னன்னு கிராம சேவகர்கிட்டயும் பிரதேச செயலகத்துலயும் நீங்களே ஒரு லீவு நாள்ல போய் கேளுங்க, அவங்க போனா பேரு ஒரு நாள் போகும். நகை ஏதாவது அடகுல இருந்தா ரசீதை இன்னைக்கே தேடி எடுக்கச் சொல்லி முடிவு திகதிய பாருங்க, திகதி தாண்டலன்னா வட்டியை மட்டும் கட்டி புதுப்பிக்க முடியுமான்னு அந்த இடத்துல கேக்கலாம், விலாசத்துக்கு உங்க போன் நம்பரையும் குடுத்து வைங்க, கடிதம் தோட்டத்து ஆபீஸ்ல கெடக்காம இருக்கும்.